கடல்நீரில் கதிரவனைத் தேடியவர்

நுழையும்முன்

விறகு, நிலக்கரி, எண்ணெய், நீர், காற்று என ஆற்றலைத் தேடி மனிதகுலம் நடந்த பாதை நெடியது. அப்பாதையில் இன்னும் எட்டப்படாத இலக்கு ஒன்று உண்டு. கதிரவனுக்குள் நிகழும் அணுக்கரு இணைவை மண்ணில் நிகழ்த்தி மின்சாரம் பெறுவதே அவ்விலக்கு. தனி ஓர் அறிஞராலோ தனி ஒரு நாட்டாலோ முடிக்க இயலாத பணி அது. தொழில்துறையின் செல்வமும், அரசின் ஆதரவும், பல்கலைக்கழகத்தின் அறிவும் ஒன்றுகூடினால்தான் அதில் அடியெடுத்து வைக்க முடியும். அத்தகைய கூட்டுறவை இந்திய அறிவியலில் வேரூன்றச் செய்த ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

ஹோமி பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர். பாட்டனார் ஹோர்முஸ்ஜி பாபா மைசூர் சமஸ்தானத்தின் கல்வித்துறைத் தலைவராக விளங்கியவர். இல்லத்தில் நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் குறைவில்லை. ஓவியம், இசை, தோட்டக்கலை ஆகியவற்றில் இளமையிலேயே அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு இறுதிவரை நீங்கவில்லை.

அவருடைய அத்தை மெஹர்பாயை மணந்தவர் தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனான தோராப்ஜி டாடா. அதனால் எஃகு ஆலை, மின்னாக்கம் முதலிய பெருந்தொழில்களைப் பற்றிய பேச்சைச் சிறுவயதிலேயே கேட்டு வளரும் வாய்ப்பு பாபாவுக்குக் கிட்டியது. இவர் கல்வி கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பு எஃகு ஆலையில் பொறியாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே பெரியோர்களின் விருப்பம். அவ்விருப்பத்தின்படி 1927இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பொறியியல் பயிலச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் கிடைத்த பாதை

கேம்பிரிட்ஜுக்குச் சென்ற சிறிது காலத்திலேயே தமது உள்ளம் இயற்பியலையே நாடுகிறது என்பதைப் பாபா உணர்ந்தார். அதனைத் தந்தைக்கு மடல்வழித் தெரிவித்தார். தந்தை மறுக்கவும் இல்லை. உடனே இசையவும் இல்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால் கணிதம் பயிலும் செலவையும் தாமே ஏற்பதாக ஒரு நிபந்தனை விதித்தார். பாபா 1930இல் முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காத்தார். 1932இல் கணிதத் தேர்விலும் பாபா சிறப்பாகத் தேறினார். விருப்பமில்லாமல் கற்ற பொறியியல் வீண்போகவில்லை. அணு உலைகளை வரைபடத்திலிருந்து கட்டடமாக எழுப்பும் பொறுப்பு பிற்காலத்தில் வந்தபோது அக்கல்வியே அவருக்குத் துணை நின்றது.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம் ரூதர்ஃபோர்டின் தலைமையில் அணு ஆய்வின் தலைநகராக விளங்கியது. சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது அங்கே 1932இல்தான். 1934இல் ரூதர்ஃபோர்டும் ஒலிஃபண்ட், ஹார்ட்டெக் ஆகியோரும் கனஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒன்றோடொன்று மோதச் செய்து, அவை இணையும்போது பேராற்றல் வெளிப்படுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். இணைவு ஆற்றலின் வரலாற்றில் அது ஒரு தொடக்கப் புள்ளி. அவ்வாண்டுகளில் பாபா அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார்.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையை அவர் கணித வழியில் விளக்கினார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்கப்படுகிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் துகள் மழையாகப் பெருகுவதை ஹைட்லர் என்னும் அறிஞருடன் இணைந்து 1937இல் விளக்கினார். இப்பணிகள் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன.

பெங்களூரு தந்த திருப்பம்

1939இல் விடுமுறைக்காகப் பாபா தாயகம் வந்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்துக்குத் திரும்ப இயலாத நிலையில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பணியேற்றார். அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டின் நோபல் அறிஞர் சர் சி.வி. இராமன். டாடா அறக்கட்டளையின் நிதியுதவியுடன் காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவு ஒன்று பாபாவின் பொறுப்பில் அங்கே தொடங்கப்பட்டது. 1941இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

பெங்களூரு நிறுவனத்தின் பிறப்பே ஒரு பாடம். ஜாம்ஷெட்ஜி டாடாவின் கொடை, மைசூர் அரசு வழங்கிய நிலம், அன்றைய இந்திய அரசின் மானியம் ஆகிய மூன்றும் கூடி, பாபா பிறந்த அதே 1909இல் உருவான நிறுவனம் அது. தொழிலும் அரசும் கல்வியும் இணைந்தால் எத்தகைய நிறுவனம் எழும் என்பதற்கு அதுவே கண்கூடான சான்றாக நின்றது.

போர் முடிந்ததும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பேராசிரியராகச் செல்லும் எண்ணம் தொடக்கத்தில் பாபாவிடம் இருந்தது. ஐந்தாண்டு இந்திய வாழ்க்கை அதனை மாற்றியது. தாயகத்தில் தக்க ஆய்வுக் கூடங்களை எழுப்புவதே தம் கடமை என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

மூவர் கைகோத்த நிறுவனம்

1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் தலைவர் சோராப் சக்லத்வாலாவுக்குப் பாபா ஒரு மடல் எழுதினார். அடிப்படை இயற்பியலில் உயராய்வு செய்வதற்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் வந்துவிடும்; அன்று வல்லுநர்களுக்காக இந்தியா பிற நாடுகளின் வாயிலில் நிற்கக் கூடாது; அவர்கள் இங்கேயே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடிப்பதற்கு ஓராண்டுக்கும் முன்பே, நாடு விடுதலை பெறாத நிலையிலேயே எழுந்த சிந்தனை இது.

அறக்கட்டளை இசைந்தது. பம்பாய் மாகாண அரசு இணை நிறுவுநராக முன்வந்தது. நடுவண் அரசும் பின்னர் பங்கேற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் இடம் தந்தது. இவ்வாறு 1945 ஜூன் முதல் நாள் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் பணியைத் தொடங்கியது. அவ்வாண்டு இறுதியில் பம்பாய்க்கு மாறி, பாபாவின் உறவினருக்குரிய மாளிகையொன்றின் ஒரு பகுதியில் இயங்கலாயிற்று. 1962இல் கொலாபா கடற்கரையில் எழுந்த அதன் புதிய கட்டடத்தை நேரு திறந்துவைத்தார்.

நிறுவனங்களை அமைப்பதில் பாபா ஒரு நெறியைப் பின்பற்றினார். முதலில் கட்டடம், பிறகு பதவிகள், அதன்பின் ஆட்கள் என்னும் வழக்கமான வரிசையை அவர் ஏற்கவில்லை. தகுதியுள்ள அறிஞரை முதலில் கண்டறிந்து, அவரைச் சுற்றி ஆய்வுப் பிரிவை வளரவிட்டார். தனியார் கொடை ஆய்வாளருக்குச் சுதந்திரத்தையும், அரசின் நிதி நீண்டகால உறுதியையும் தரும் என்று கருதி இரண்டையும் ஒருசேரப் பேணினார்.

அரசுப் பொறுப்பும் மாற்றுக் கருத்தும்

விடுதலைக்குப் பின், 1948 ஆகஸ்டில் இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. பாபா அதன் தலைவரானார். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியல் அறிஞர் கே.எஸ். கிருஷ்ணனும் ஏனைய உறுப்பினர்கள். 1954இல் நடுவண் அரசில் அணுசக்தித் துறை உருவானபோது பாபா அதன் செயலாளரானார். ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், ஆணையத்தின் தலைவர், அரசுத் துறையின் செயலாளர் என்னும் மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே அமைந்தன.

1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா என்னும் ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை வடிவமைத்துக் கட்டியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். தோரியம் கலந்த மோனசைட் மணலைப் பிரித்தெடுக்க, திருவிதாங்கூர்–கொச்சி அரசுடன் சேர்ந்து இந்திய அருமணல் நிறுவனம் 1950இல் நிறுவப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலும் இவ்வாறு தேசத்தின் ஆற்றல் திட்டத்தில் இடம்பெற்றது. 1962இல் நங்கலில் உரத் தொழிற்சாலையோடு இணைந்து கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது.

பாபாவின் வழியை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கல்கத்தாவைச் சேர்ந்த பேரறிஞர் மேகநாத் சாகா மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தார். தொழில்வளமும் பயிற்சி பெற்ற ஆய்வாளரும் போதாத நாட்டில் ஆணையம் அமைப்பது முந்திரிக்கொட்டைச் செயல் என்றும், பல்கலைக்கழகங்களில் அணு இயற்பியலை முதலில் வளர்க்க வேண்டும் என்றும் அவர் கருதினார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகிய சாகா, அணுசக்தித் திட்டத்தைச் சூழ்ந்திருந்த மறைபொருள் தன்மையையும் அவையிலேயே குறைகூறினார். ஆய்வு முழுவதும் தனி நிறுவனங்களுக்குச் சென்றுவிட்டால் பல்கலைக்கழகங்கள் வற்றிப்போகும் என்னும் அச்சம் புறந்தள்ளத் தக்கதன்று.

பாபா தம் வழியை விட்டு விலகவில்லை. ஆயினும் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் பட்டதாரிகளே திட்டத்தின் உயிர்நாடி என்பதை அவர் அறிந்திருந்தார். 1957இல் டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, நாடெங்கிலுமிருந்து இளம் அறிவியல், பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டுப் பயிற்சியளித்தார். இந்திய அணு அறிவியலின் பிற்காலத் தலைவர்கள் பலர் அப்பள்ளியில் பயின்றவர்களே.

தெரிந்து தெளிவோம்

யுரேனியம் போன்ற கனத்த அணுக்கரு பிளவுபட்டு ஆற்றல் தருவது அணுக்கரு பிளவு. ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருவது அணுக்கரு இணைவு. டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் ஹீலியமும் நியூட்ரானும் தோன்றும், பேராற்றல் வெளிப்படும். அணுக்கருக்கள் நேர்மின் உடையவை, ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கை வெல்ல 15 கோடி டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். கதிரவனின் மையத்தைப்போல் இது பத்து மடங்கு. அவ்வெப்பத்தில் பொருள் பிளாஸ்மா என்னும் மின்னூட்டத் துகள்களின் நிலையை அடையும். அதனை எந்தக் கலத்தின் சுவரும் தாங்காது என்பதால் காந்தப்புலத்தால் அந்தரத்தில் நிறுத்துகின்றனர். இதற்கென வளைய வடிவில் அமைந்த கருவி டோகமாக். டியூட்டிரியம் கடல்நீரில் உள்ளது. அங்கே ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஓர் அணு டியூட்டிரியம்.

ஜெனீவா மாநாடு

1955 ஆகஸ்டு 8 முதல் 20 வரை ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் ஜெனீவாவில் அணு ஆற்றலின் அமைதிப் பயன்கள் பற்றிய முதல் உலக மாநாடு நடைபெற்றது. 73 நாடுகள் பங்கேற்ற அம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும் பெருமை, விடுதலை பெற்று எட்டாண்டே ஆகியிருந்த இந்தியாவைச் சேர்ந்த பாபாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

தலைமையுரையில் அவர், ஆற்றலைப் பயன்படுத்தியதன் வரலாறாகவே மனித வரலாற்றைக் கண்டார். உடலுழைப்பையும் கால்நடைகளையும் நம்பியிருந்த காலம், நிலக்கரியும் எண்ணெயும் ஆண்ட காலம், அணு ஆற்றலின் காலம் என அதனைப் பகுத்துரைத்தார். நிலத்தடி எரிபொருள்கள் ஒருநாள் தீரும். வறுமையிலிருந்து மீளத் துடிக்கும் நாடுகளுக்கு அணு ஆற்றல் இன்றியமையாதது என்றார். அதனினும் ஒருபடி மேலே சென்று, அணுக்கரு இணைவைக் கட்டுக்குள் நிகழ்த்தும் வழி அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று துணிந்து கணித்தார். அன்று உலகின் ஆற்றல் சிக்கல் நிலையாகத் தீர்ந்துவிடும். ஏனெனில் அதன் எரிபொருள் கடல்களில் நிறைந்துகிடக்கும் கனஹைட்ரஜன் என்பது அவர் காட்டிய காரணம்.

அந்த அவையில் அக்கருத்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் இணைவு ஆய்வை இரகசியமாக நடத்திவந்த காலம் அது. வல்லரசுகள் வாய்திறக்காத ஒரு பொருளை வளரும் நாடொன்றின் அறிஞர் பொது அவையில் பேசிவிட்டார். அதன்பின் மூடிய கதவுகள் மெல்லத் திறந்தன. 1956இல் சோவியத் அறிஞர் குர்ச்சாத்தவ் பிரிட்டனின் ஹார்வெல்லுக்கே வந்து தம் நாட்டின் இணைவு ஆய்வை விளக்கினார். 1958இல் ஜெனீவாவில் கூடிய இரண்டாம் மாநாட்டில் நாடுகள் தத்தம் ஆய்வு முடிவுகளை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டன.

காலம் தந்த விடை

பாபா குறித்த இருபது ஆண்டுகள் 1975இல் முடிந்தன. இணைவு மின்சாரம் வரவில்லை. இன்றளவும் எந்த நாட்டின் மின்கம்பியிலும் அது பாயவில்லை. பிளாஸ்மா காந்தக் கூண்டுக்குள் அடங்காமல் நெளிந்து நழுவும் இயல்புடையது என்பதை அறிஞர்கள் பட்டறிவால்தான் கற்றனர். 1958 தொடக்கத்தில் பிரிட்டனின் ஸீட்டா கருவியில் வெற்றி கிட்டியதாக அறிவிக்கப்பட்டது; சில மாதங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. 1968இல் சோவியத் அறிஞர்கள் டோகமாக் கருவியில் அடைந்த உயர் வெப்பநிலையை உலகம் ஐயுற்றது. மறு ஆண்டு பிரிட்டனின் ஆய்வுக்குழு மாஸ்கோவுக்கே சென்று அளந்து, அது உண்மையென உறுதிசெய்தது. பகை நாடுகளின் அறிஞர்கள் ஒரே கருவியின் முன்னால் நின்று உண்மையைக் கண்ட நிகழ்வு அது.

அவ்வெற்றியைக் காணப் பாபா உயிருடன் இல்லை. 1966 ஜனவரி 24ஆம் நாள் வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்துக்காக அவர் பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. டிராம்பே ஆய்வு மையத்துக்கு 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் சூட்டப்பட்டது.

கணிப்பு பொய்த்தது; அவர் வகுத்த வழி பொய்க்கவில்லை. பாபாவுக்குப் பின் ஆணையத்தின் தலைமையை ஏற்ற விக்ரம் சாராபாய், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை 1947இல் நிறுவியவர். கல்வி அறக்கட்டளைகளின் துணையோடு எழுந்து அரசின் ஆதரவால் வளர்ந்த அக்கூடத்தில்தான் இந்தியாவின் பிளாஸ்மா ஆய்வு தழைத்தது. 1986இல் அது பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமாகத் தனியே உருவெடுத்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக்கான ஆதித்யா 1989இல் காந்திநகர் அருகே இயங்கத் தொடங்கியது. கதிரவனின் பெயரே அதற்கு இடப்பட்டது பொருத்தமே. பிளாஸ்மா அறிவியலின் அடிப்படைகளுள் ஒன்று, மேகநாத் சாகா 1920இல் வகுத்த அயனியாக்கச் சமன்பாடு. ஆணைய அரங்கில் மாறுபட்டு நின்ற இருவரின் பணிகளும் இணைவு ஆய்வில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

இன்று பிரான்சின் கடராஷ் என்னுமிடத்தில் உலக நாடுகள் கூடிப் பன்னாட்டு இணைவு உலையான ஈட்டரைக் கட்டிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றோடு இந்தியாவும் 2006இல் அதன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. அவ்வுலையைச் சூழ்ந்து நிற்கும் மாபெரும் வெற்றிடக் கலத்தை வழங்கும் பொறுப்பு இந்தியாவினுடையது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் 3,800 டன் எடையும் கொண்ட அதன் பகுதிகளைக் குஜராத்தின் ஹசிராவில் லார்சன் அண்டு டூப்ரோ தொழிற்சாலை உருவாக்கியது. பணத்தையும் உறுதிமொழியையும் அரசு தந்தது. பிளாஸ்மா அறிவை ஆய்வு நிறுவனம் தந்தது. எஃகை வளைத்துப் பற்றவைக்கும் திறனைத் தொழிற்சாலை தந்தது. அம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அக்கலம் கடல் கடந்து சென்றிராது.

1944இல் ஓர் அறக்கட்டளைக்கு மடல் எழுதிய இளம் அறிஞர் வேண்டியதும் இதுவே. தேவை எழும் நாளில் வல்லுநர்கள் இந்நாட்டிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றார் அவர். இணைவு ஆற்றலைப் பொறுத்தவரை அந்த நாள் இன்னும் வரவில்லை. எனினும் அதனை எதிர்நோக்கி உழைக்கும் இந்திய வல்லுநர் அணி உருவாகிவிட்டது. எஞ்சிய பணியை முடிக்கவேண்டியவர்கள் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.

கற்பவை கற்றபின்

1. பாபாவின் கணிப்பு நிறைவேறாமல் போனதற்கும் அவர் நிறுவிய அமைப்புகள் நிலைத்ததற்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உயராய்வு தனி நிறுவனங்களில் நிகழ வேண்டுமா, பல்கலைக்கழகங்களில் நிகழ வேண்டுமா என்னும் பொருளில் பாபா, சாகா ஆகியோரின் நிலைப்பாடுகளை முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் மாவட்டத்தில் தொழிற்சாலை, அரசு, கல்லூரி ஆகிய மூன்றும் இணைந்து செய்யக்கூடிய ஓர் ஆய்வுப் பணியைத் திட்டமிட்டு, ஒவ்வொன்றின் பங்கையும் குறிப்பிட்டுக் கட்டுரை வரைக.